வெந்நீர்ப் பையின் சத்தம்

"அண்ணே, கார் சாவி! செருப்பெல்லாம் அப்புறம் தேடிக்கலாம்!"

மாடிப்படியின் அடியில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள் சத்தக்காரி. கணவர் பாதி அவள் தோளிலும் பாதி சுவரிலுமாகச் சாய்ந்திருந்தார். அவருடைய இடது கால் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. இடது கை, பிழியாமல் கொடியில் போட்ட துணி மாதிரி தொங்கியது. வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. அவர் உடம்பில் ஓய்வில்லாமல் வேலை செய்தது வலது கை ஒன்றுதான். இடது முழங்கையின் உட்புறத்தை அது ஓங்கி ஓங்கித் தட்டிக்கொண்டே இருந்தது.

பட். பட். பட்.

"போதுங்க! நிறுத்துங்க!"

"இன்னும்... கொஞ்சம்..." நாக்கு வாய்க்குள் உருண்டது. "ரத்த... ஓட்டம்... வந்துடும்..."

மாடி வீட்டு டிரைவிங் ஸ்கூல் அண்ணன் பனியனோடு இறங்கி வந்தார். அவள் மேல் அவருக்கு ஏகப்பட்ட கோபம் இருந்தது. காலையில் அவர் அசந்து தூங்கும்போது, கீழேயிருந்து ஒட்டடைக் கம்பால் கூரையை இடித்து எழுப்பிவிட்டவள் இவள். ஒரு பிடி பிடிக்கலாம் என்று வாயைத் திறந்தவர், கட்டிங் மாஸ்டரான அவள் கணவரின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். மாஸ்டரை இடுப்போடு சேர்த்துத் தூக்கி, கூரையில் பெரிய 'எல்' போர்டு மாட்டிய தன் காரின் பின் சீட்டில் திணித்தார்.

"எத்தனை மணியிலேர்ந்தும்மா இப்படி?"

"தெரியலண்ணே. நான் ரூமை விட்டு இப்பத்தான் வெளிய வந்தேன். வந்தா மனுஷன் நாற்காலியில இப்படிக் கிடக்கிறாரு."

டாஷ்போர்டு கடிகாரம் பன்னிரண்டு ஐம்பத்தெட்டு என்றது.

கார் கிளம்பியது. அண்ணன் இருபத்தாறு வருடமாக நாற்பதைத் தாண்டி ஓட்டியதில்லை. இன்று எழுபதில் பறந்தார். ஆனாலும் பழக்கதோஷம் விடவில்லை. "கண்ணாடி பாரு... சிக்னல் போடு... ஹார்ன் அடி... அடேய், வழி விடுடா!" என்று தனக்குத்தானே பாடம் நடத்திக்கொண்டே போனார்.

அவளுக்குச் சத்தக்காரி என்று பெயர் வைத்தது சினிமாக்காரர்கள். திரையில் ஒருவன் நடந்தால் அந்தச் செருப்புச் சத்தம் அவளுடையது. கதாநாயகி கதவைச் சாத்தினாலும் வில்லன் எலும்பை முறித்தாலும் அவள்தான் சத்தம் கொடுப்பாள். எலும்புக்குப் பெரும்பாலும் ஒரு கேரட்டை ஒடிப்பாள். வீட்டின் பின்னறையை மெத்தைச் சுவர் வைத்து அடைத்து ரெக்கார்டிங் ரூம் ஆக்கியிருந்தாள். வாசலுக்கு மேலே ஒரு சிவப்பு பல்பு. அது எரிந்தால் யாரும் கதவைத் தட்டக்கூடாது. ஒரே ஒரு தட்டு விழுந்தாலும் மணிக்கணக்கான வேலை பாழ். கல்யாணமான புதிதில் ஒரு தடவை அவர் காப்பியோடு வந்து தட்டிவிட்டார். அன்று அவள் போட்ட கூச்சலில் மனிதர் ஆயுசுக்கும் திருந்திவிட்டார். அப்புறம் பத்தொன்பது வருடம், வீட்டில் திருடன் வந்தால்கூட பல்பு அணையட்டும் என்று திருடனையே உட்கார வைத்துவிடுவார் போலிருந்தது.

அவருக்குத் தொழில் கட்டிங். சீருடை தைக்கும் கம்பெனியில் மாஸ்டர். இடதுகைக்காரர். இடதுகைக்கென்றே செய்த கனத்த கத்தரி ஒன்று வைத்திருந்தார். வேறு யார் எடுத்தாலும் அது வெட்டாது. நாற்பது மடிப்புத் துணியை ஒரே வீச்சில், ஒரு நூல் பிசகாமல் வெட்டும் அந்தக் கைதான் இப்போது அவள் மடியில் கிடந்தது.

அவள் அதைத் தூக்கிப் பார்த்தாள். முழங்கை மடிப்பு முழுவதும் நாவல்பழ நிறத்தில் கன்றியிருந்தது. நடுவில் கருஞ்சிவப்புப் புள்ளிகள்.

"விஷம்... வெளிய வருது," என்றார் மாஸ்டர். பாதி முகத்தில் ஒரு சிரிப்பு வேறு.

அவள் அந்தக் கையை மெல்ல மடியில் இறக்கி வைத்தாள்.

ஆறு மாதத்துக்கு முன் அவருக்குத் தோள் இறுகிவிட்டது. குனிந்தே வெட்டும் தொழிலில் வருவதுதான். யாரோ போனில் 'கைமருந்து அய்யா'வின் வீடியோவை அனுப்பிவைத்தார்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தாடி, தேன் ஒழுகும் குரல். "மருந்து கடையில் இல்லை கண்ணா, உன் கையில் இருக்கிறது. நீட்டு. தட்டு. சத்தம் வந்தால் சங்கடம் போகும்!" மாஸ்டர் தினமும் காலையில் கதவு நிலையில் கையை ஊன்றித் தோளை நீட்டினார், காலை நீட்டினார், முழங்கையைத் தட்டினார். மூன்று வாரத்தில் தோள் இளகிவிட்டது. நீட்டினால் இறுகின தோள் இளகத்தான் செய்யும். ஆனால் அவர் பெருமையெல்லாம் தட்டுக்குப் போய்விட்டது. தலைவலியா, தட்டு. ஏப்பமா, தட்டு. கம்பெனியில் ஒரு பையனுக்கு விக்கல் வந்தபோது இவர் தட்டப் போக, அவன் மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டான் என்று அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு அடியில் ஒன்றை மறைத்துக்கொண்டாள்.

அந்த அய்யாவின் தட்டுக்குச் சத்தமே கிடையாது. மெலிந்த கை. நிஜத்தில் அவர் தட்டினால் கொசு அடிக்கிற மாதிரி 'தப்' என்று ஒரு சப்தம், அவ்வளவுதான். அவருடைய எடிட்டர் ஒருநாள் சத்தக்காரியிடம் வந்து நின்றான். "அக்கா, நாலு தட்டு வேணும். கேக்கிறவனுக்கே வலிக்கணும்." அவள் வெந்நீர்ப் பையில் முக்கால்வாசி தண்ணீர் நிரப்பி, தொடைமேல் வைத்து, உள்ளங்கையைக் குழித்து ஓங்கி அடித்தாள். பளார்! அறையே அதிர்ந்தது. அவளுடைய வலது மணிக்கட்டில் பழைய முறிவு ஒன்று இருந்தது. ஓங்கி அடிக்கும்போதெல்லாம் அங்கே எலும்பு லேசாக 'டிக்' என்னும். வழக்கமாக அந்த 'டிக்'கைப் பொறுக்கி எடுத்து வெட்டிவிடுவாள். அன்று அவசரம், விட்டுவிட்டாள். யார் காதுக்கு எட்டப்போகிறது?

வெளியே சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான் எடிட்டர். கணவர் அந்த வீடியோவில் விழுந்த பிறகும் அவள் வாயைத் திறக்கவில்லை. தோள் நன்றாகத்தானே ஆகிறது, மனுஷன் சந்தோஷமாகத்தானே இருக்கிறார் என்று விட்டுவிட்டாள்.

"அண்ணே," என்றாள் திடீரென்று. "காலையில மாடியில என்ன இடிச்சுக்கிட்டு இருந்தீங்க?"

"நானா? நான் இடிச்சேனா? செவனேன்னு தூங்கிட்டிருந்தவனைக் கம்பால இடிச்சது நீ! நல்ல கதையா இருக்கே!"

"அப்போ அந்த டொம் டொம்..."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு விளங்கிவிட்டது. காலையில் ஹெட்போனில் சுவர் வழியாகக் கேட்ட அந்த இடி மாடியிலிருந்து வரவில்லை. பக்கத்து அறையிலிருந்து வந்தது. அவர் தன் கையைத் தானே அடித்துக்கொண்டிருந்த சத்தம். அவள் எரிச்சலோடு மேலே பார்த்து, கூரையை இடித்துவிட்டு, மறுபடியும் வேலையில் மூழ்கிவிட்டாள்.

பட். பட். மாஸ்டரின் வலது கை இன்னும் நிற்கவில்லை. அவள் அதைப் பிடித்து, தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து இறுக்கிக்கொண்டாள்.

---

அவசர சிகிச்சைப் பிரிவில் கொண்டையில் பேனாவைச் செருகியிருந்த ஓர் இளம் டாக்டர் ஓடி வந்தார். மாஸ்டரைச் சிரிக்கச் சொன்னார், கையைத் தூக்கச் சொன்னார், பெயரைச் சொல்லச் சொன்னார். மூன்றிலும் பாதிதான் தேறியது. "பக்கவாதம். உடனே ஸ்கேன்," என்றார். ஸ்ட்ரெச்சர் பறந்தது.

சட்டையைக் கழற்றிய நர்ஸ் அப்படியே நின்றுவிட்டார். கன்றிப்போன கையைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பிச் சத்தக்காரியைப் பார்த்தார்.

"யாரும்மா இவரை அடிச்சது?"

"அவரேதான் சிஸ்டர்."

"ஆமா, எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க." நர்ஸ் அவள் கைகளை ஏற இறங்கப் பார்த்தார். வேலையால் காய்ப்பேறிச் சிவந்த உள்ளங்கைகள். சத்தக்காரி தன்னையறியாமல் அவற்றைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். மறைத்த பிறகுதான், அது எவ்வளவு பெரிய ஒப்புதல் மாதிரி தெரியும் என்று உறைத்தது.

"அவங்க இல்லம்மா!" காலில் செருப்பில்லாத அண்ணன் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "அந்தம்மா கூரையைத்தான் இடிக்கும், ஆளை இடிக்காது."

ஒன்று முப்பத்தெட்டுக்கு டாக்டர் திரும்பி வந்தார். முகத்தில் நல்லதும் கெட்டதும் கலந்து இருந்தது.

"மூளையில ரத்தம் கசியல. அது நல்ல விஷயம். ஒரு குழாய் அடைச்சிருக்கு. அடைப்பைக் கரைக்க ஊசி இருக்கு. ஆனா ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். அதைத் தாண்டிப் போட்டா மூளைக்குள்ளயே ரத்தம் கசிஞ்சு ஆளையே காவு வாங்கிடலாம். இப்ப சொல்லுங்க, அவர் நல்லா இருந்ததைக் கடைசியா எப்போ பார்த்தீங்க?"

"நான் ரூமுக்குள்ள போனப்போ. எட்டே முக்கால் இருக்கும்."

டாக்டர் விரல் விட்டு எண்ணினார். "அப்போ கெடு ஒண்ணேகாலோடயே முடிஞ்சுபோச்சு."

"இல்ல டாக்டர், அப்போ வரலை! அதுக்கப்புறம்தான் வந்திருக்கும். பத்து மணிவாக்குல அவரு தட்டுறது கேட்டுச்சு."

"பத்து மணிவாக்குலன்னா? எந்த மணி பார்த்தீங்க? தட்டறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் அப்படியே கிடந்திருந்தா? எங்கயாவது விழுந்து தலையில அடிபட்டிருந்தா? கையெல்லாம் இப்படிக் கன்றியிருக்கு. உறுதியா ஒரு நேரம் தெரியாம நான் அந்த ஊசியைத் தொட முடியாதும்மா. ஆபத்து அவருக்குத்தான்."

அவரையே கேட்டார்கள். அவர் வலது கையின் விரல்களைக் காட்டினார். நான்கு. அப்புறம் இரண்டு. அப்புறம் தட்டத் தொடங்கிவிட்டார்.

ஊசி இல்லையென்றால் அந்தக் கை போனது போனதுதான் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. சத்தக்காரி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். அங்கே ஏதோ கடினமாகத் தட்டுப்பட்டது.

ரெக்கார்டர்!

காலையில் கழுத்தில் மாட்டியது. சாப்பாட்டுப் பெட்டி அளவுக்கு இருக்கும். அவளுக்கு ஒரு பழக்கம். காலையில் பொத்தானை அழுத்தினால் சாயங்காலம் வரை நிறுத்த மாட்டாள். ஓடுகிறபடி ஓடவிட்டு, அப்புறம் வேண்டியதை மட்டும் வெட்டி எடுப்பாள். அதிலேயே பொருத்தியிருந்த மைக், சுவருக்கு அந்தப் பக்கம் எறும்பு தும்மினாலும் பிடித்துக்கொள்ளும்.

"டாக்டர், இதுல இருக்கு! காலையிலேர்ந்து வீட்ல நடந்தது எல்லாம் இதுல இருக்கு!"

டாக்டர் அந்தச் சின்னத் திரையைக் குனிந்து பார்த்தார். உதடு பிதுங்கியது. "ஜனவரி ஒண்ணு, ரெண்டாயிரமாவது வருஷம்னு காட்டுதேம்மா."

பேட்டரி மாற்றும்போதெல்லாம் அதன் கடிகாரம் குழம்பிவிடும். அவள் ஒரு நாளும் அதைத் திருத்தியதில்லை. ஒரு நொடி எல்லாம் இருண்டது. அதே நொடியில் திரையின் மூலையில் துடித்துக்கொண்டிருந்த சின்னச் சிவப்புப் புள்ளி கண்ணில் பட்டது.

அது இன்னும் பதிவாகிக்கொண்டே இருந்தது.

படியில் அவள் கத்தியது, அண்ணனின் கார் பாடம், நர்ஸ் கேட்ட கேள்வி, டாக்டர் சொன்ன கெடு எல்லாமே அதற்குள் போய்க்கொண்டிருந்தன.

"சுவர்க் கடிகாரத்துல மணி என்ன?"

"ஒண்ணு நாப்பத்தாறு," என்றார் அண்ணன்.

"இது ஓட ஆரம்பிச்சு அஞ்சு மணி நேரம் ரெண்டு நிமிஷம். அப்படின்னா ஆரம்பிச்சது எட்டு நாப்பத்து நாலு. சரியா டாக்டர்? இதுல எந்த இடத்தைத் தொட்டாலும் அதோட நேரத்தை நான் சொல்லிடுவேன்!"

டாக்டர் கொண்டையிலிருந்து பேனாவை உருவினார். "சீக்கிரம்."

அவள் நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். கழுத்தில் கிடந்த ஹெட்போனின் ஒரு காதைத் தானும் மறு காதை டாக்டருமாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பதிவின் தொடக்கத்துக்குப் போய்ச் சத்தத்தைக் கூட்டினாள். முன்னுக்கு ஓட்டினாள். அவள் சரளைக் கல்லில் நடப்பது. அவள் துணி கசக்குவது. அதன் அடியில், வெகு தூரத்தில், ஒரு முணுமுணுப்பு.

"...பதினாலரை. தோள் பதினேழு. கை இருபத்திரண்டே முக்கால்..."

மாஸ்டரின் குரல். வெட்டும்போது அளவை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் அவருக்கு. கம்பெனி விடுமுறை நாளிலும் காகிதத்தில் மாதிரி வெட்டிக்கொண்டிருந்திருக்கிறார். ஒவ்வொரு எழுத்தும் மணி மணியாக விழுந்தது.

"தெளிவாப் பேசறாரு," என்று டாக்டர் தலையசைத்தார்.

"...காலர் பதினஞ்சு. காலர் பதி..."

ணங்!

சத்தக்காரி கண்ணை மூடினாள். அந்தச் சத்தம் காலையில் அவள் காதிலும் விழுந்திருக்க வேண்டும். மாடியில் அண்ணன் ஸ்பேனரைப் போட்டுவிட்டார் என்று நினைத்திருப்பாள். இப்போது கேட்டபோது சந்தேகமே இல்லை. அது இடதுகைக் கத்தரி. பத்தொன்பது வருடத்தில் அவர் அதைக் கீழே போட்டு அவள் கேட்டதே இல்லை.

"என்ன இது... கை மரத்துப்போச்சே," என்றது குரல். இப்போதே ஒரு எழுத்து வழுக்கியது. நாற்காலி இழுபட்டது. யாரும் விழவில்லை.

"ஓட ஆரம்பிச்சு ஒரு மணி நேரம் பதினஞ்சு நிமிஷம்," என்றாள். "அப்படின்னா ஒம்பது அம்பத்தொம்பது."

டாக்டர் எழுதினார். "நீங்க சொன்ன கணக்கு சரிதானான்னு பார்க்க ஏதாவது இருக்கா?"

அவள் முன்னுக்கு ஓட்டினாள். ஒரு மணி நாற்பத்தாறு. கிணிகிணிகிணி என்று நீளமாக ஒரு மணியோசை. "எதிர்ப் பள்ளிக்கூடத்து இடைவேளை மணி. பத்தரைக்கு அடிக்கும். தினமும் என் வேலையைக் கெடுக்கிற சனியன்."

எட்டு நாற்பத்து நாலோடு ஒரு மணி நாற்பத்தாறு. பத்தரை. அச்சாகப் பொருந்தியது.

டாக்டர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு நடக்கத் தொடங்கியிருந்தார். "ரெண்டு இருபத்தொம்பது வரைக்கும் நேரம் இருக்கு. சிஸ்டர், ஊசி!"

சத்தக்காரி மட்டும் கழற்றவில்லை. நிறுத்தியிருக்கலாம். விரல் வரவில்லை. பதிவில், அவர் போனிலிருந்து அய்யாவின் தேன் குரல் ஓடியது. "பலமாகத் தட்டு கண்ணா. சத்தம் வரவேண்டும்." அப்புறம் பளார் என்று அவளுடைய வெந்நீர்ப் பை. அதன் பின்னாலேயே பட் என்று அவருடைய கை. மறுபடியும் பளார். இன்னும் ஓங்கி ஒரு பட். அந்தச் சத்தத்தை எட்டிப் பிடிக்க அவர் கையை அவரே பிய்த்துக்கொண்டிருந்தார். வாய் எண்ணிக்கொண்டே இருந்தது. "நாப்பத்தொண்ணு... நாப்பத்திரெண்டு..." அறுபதைத் தாண்டியபோது எண்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. தொண்ணூறுக்கு மேல் எண்ணே இல்லை, மூச்சு மட்டும்.

தண்ணீர் நிரப்பிய ஒரு ரப்பர் பையோடு ஒரு மனிதனின் சதை எப்படிப் போட்டி போடும்?

அவள் ஆஸ்பத்திரி நடைபாதையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அழுதாள். அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார். "எழுபதுல வந்தேம்மா," என்றார். "என் மாணவன் எவனாவது பார்த்திருந்தா, என் மானம் போயிருக்கும்."

இரண்டு ஐந்துக்கு ஊசி ஏறியது.

மூன்றரைக்கு மாஸ்டரின் இடது கட்டைவிரல் அசைந்தது. நர்ஸ்தான் முதலில் பார்த்தார். ஓடி வந்து சொல்லும்போது, மதியம் சந்தேகப்பட்ட அதே நர்ஸ் சத்தக்காரியின் காய்ப்பேறிய கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

---

ஆறாவது நாள்.

ஜன்னல் ஓரக் கட்டில். மாஸ்டருக்கு வாய் கிட்டத்தட்ட நேராகிவிட்டது. பேச்சு மட்டும் இன்னும் கொஞ்சம் மெதுவாக நடை போட்டது. உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண் வந்து அவருடைய இடது கையை விரல் விரலாக நீட்டி, மடக்கி, தோளைச் சுற்றிவிட்டுப் போனாள். நேற்று ஒரு குண்டூசியை எடுக்க முடிந்தது. இன்று அதை மெத்தையில் குத்த முடிந்தது. கத்தரிக்கு இன்னும் மூன்று மாதமாவது ஆகும் என்றாள்.

"மூணு மாசம்தானே? நாற்பது மடிப்பை உடனே வெட்டச் சொல்லலியே," என்றார் மாஸ்டர்.

பேனா டாக்டர் சுற்றுக்கு வந்தார். முழங்கையின் காயம் ஊதாவிலிருந்து மஞ்சளாகியிருந்தது.

"நீட்டுங்க, நல்லா நீட்டுங்க. அதை நாங்களே சொல்லித் தருவோம். ஆனா திடீர்னு ஒரு பக்கம் மரத்தா, வாய் கோணினா, நெஞ்சு அடைச்சா, கையைத் தட்டாதீங்க. எங்க கதவைத் தட்டுங்க. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது," என்றார் மாஸ்டர் நல்ல பிள்ளையாக.

டாக்டர் போனதும் சத்தக்காரி நாற்காலியைக் கட்டிலுக்கு அருகே இழுத்தாள். ஆறு நாளாக அவள் இதற்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். எடிட்டருக்குப் போன் செய்து, "என் சத்தத்தை எடுத்துடு," என்று சொல்லிப் பார்த்தாள். "ஐயோ அக்கா, அதை எடுத்தா அய்யா ஈ ஓட்டுற மாதிரி இருக்கும்," என்று அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. நேற்றுச் சாயங்காலம் வீட்டுக்குப் போய் வெந்நீர்ப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அண்ணன் போனைப் பிடித்துக்கொண்டார். 'நீங்கள் கேட்கிற அந்தத் தட்டு இதுதான்' என்று சொல்லி, கேமராவுக்கு முன்னால் பளார் என்று ஒன்று அடித்துக் காட்டி, அதை நெட்டில் ஏற்றிவிட்டாள். மாடி வீட்டு அண்ணனின் மாணவர்கள் உட்பட ஊரே அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கையெழுத்து வாங்கின எடிட்டர் வழக்குப் போடுகிறேன் என்கிறான். போடட்டும்.

பார்க்காத ஆள் இந்தக் கட்டிலில் கிடப்பவர் ஒருவர்தான். வேறு யாராவது சொல்வதற்குள் அவள் சொல்லிவிட வேண்டும்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்ங்க."

"பல்பைக் கழட்டிட்டியாமே. அண்ணன் சொன்னாரு."

"கழட்டிட்டேன். இனிமே எந்த நேரமும் தட்டலாம். உடைக்கலாம். சொல்லவந்தது அது இல்ல. அந்த அய்யா வீடியோவுல ஒரு தட்டுச் சத்தம் வருமே... நீங்ககூட அந்த மாதிரி வரணும்னு... அது அவரோடது இல்லீங்க. அது..."

மாஸ்டர் இடது கையை மெல்ல நகர்த்தினார். போர்வை மேல் அரை அடி. அதற்கே நெற்றியில் வியர்த்தது. விரல்கள் அவளுடைய வலது மணிக்கட்டைத் தேடிப் பிடித்து, பழைய முறிவு இருந்த இடத்தில் வந்து நின்றன.

"டிக்," என்றார்.

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஒவ்வொரு தட்டுக்கும் பின்னாடி ஒரு டிக் வருதே. பத்தொன்பது வருஷமா பக்கத்துல படுத்துத் தூங்கறேன். இந்த மணிக்கட்டு திரும்பிப் படுத்தாக்கூட எனக்குத் தெரியும்." மூச்சு வாங்கிக்கொண்டார். வார்த்தைகள் ஒவ்வொன்றாக, ஆனால் முழுசாக வந்தன. "முதல் நாளே தெரியும். அந்தத் தாடிக்காரனை யாரு நம்பினா? உன் சத்தத்தைத்தான் நம்பினேன்."

"பின்ன எதுக்குங்க அவன் சொன்னான்னு..."

"அன்னிக்குக் கத்தரி விழுந்ததும் உன்னைக் கூப்பிடத்தான் வந்தேன். சுவரைப் பிடிச்சுக்கிட்டு உன் கதவு வரைக்கும் வந்துட்டேன். பல்பு எரிஞ்சுது." கோணல் இன்னும் முழுசாகப் போகாத வாயில் ஒரு சிரிப்பு வந்தது. "திரும்பிப் போய்ப் போனைப் போட்டேன். நீ வர்ற வரைக்கும், அதுல இருக்கிற உன் கையாவது கூட இருக்கட்டும்னு."